நான்கு தாய்மாமன்கள்

சிவகாசியிலிருந்து அந்த அழைப்பிதழ் எங்கள் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. ஆவணி மாதத்துக் கல்யாணம். உறையின் பின்பக்கத்தில் கோணலான எழுத்தில், "அக்கா, நாலு பேரும் கண்டிப்பா வரணும். நீங்க வராம தாலி கட்ட விட மாட்டேன்" என்று கல்யாணப் பெண்ணின் அம்மா எழுதியிருந்தாள். பாசத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, போனில் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டோம்.

நாங்கள் நாலு பேரும் நர்சுகள். எண்பதுகளில் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அதன் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். எங்களில் ஒருத்திகூட அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. வார்டுக்குப் பொறுப்பாக இருந்த பெரியக்காவுக்கு வேலூர்ப் பக்கம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் நாகர்கோவில்காரி. கடைசியாக வந்து சேர்ந்தவளை நாங்கள் சின்னவள் என்றே கூப்பிடுவோம், அவளுக்குத் தஞ்சாவூர். எனக்குத் திருச்சி. வேலைக்கு உத்தரவு வந்தபோது நாலு வீட்டிலும் ஒரே மாதிரி அழுகைதான். தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, எந்நேரமும் வெடி வெடிக்கிற ஊர் என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள்.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அந்த ஊர் எங்களைத் தன்னுடையவர்களாக்கிக்கொண்டது. எப்படி, எப்போது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மாற்றலாகி, கல்யாணமாகி, கடைசியில் நாலு பேரும் சென்னையைச் சுற்றி வந்து விழுந்த பிறகும், "எங்க ஊர்ல" என்று நாங்கள் பேச்சை ஆரம்பித்தால் அது சிவகாசிதான். பிறந்த ஊரை அப்படிச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் காலண்டரை மாட்டும்போது, "இந்தா, உங்க ஊர்லேர்ந்து வந்திருக்கு, நல்லபடியா வரவேற்பு குடு" என்று கேலி செய்வார்.

அழைத்தவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பெண். எங்களிடம் வந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. வெடிமருந்தில் பிடித்த தீயில் முகத்தின் இடது பக்கமும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. பிழைப்பாள் என்று முதல் வாரத்தில் எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா, அம்மா இல்லாதவள். ஓர் அண்ணன் இருந்தான். ஒரே ஒரு தடவை வந்தான். வார்டு வாசலில் நின்று அவள் கட்டிலைப் பார்த்தான். உள்ளே வராமலே திரும்பிப் போனவன், அப்புறம் வரவே இல்லை.

மாதக்கணக்கில் எங்களிடம் இருந்தாள். கட்டு மாற்றும்போது மற்றவர்கள் போடுகிற கூப்பாடு தெருவுக்குக் கேட்கும். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டுக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். "கொஞ்சந்தான்" என்று பொய் சொல்வோம். பொய் என்று தெரிந்தும் தலையாட்டுவாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிய அன்று அவளுக்குப் போக இடமில்லை. பெரியக்கா யாரையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்து, "இன்னொரு பாயை விரிங்கடி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். மடங்காத விரல்களால் சப்பாத்தி மாவைப் பிசைந்து பிசைந்தே அவற்றை மடக்கிக்கொண்டாள். நாங்கள் டியூட்டி முடிந்து வரும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்.

அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிற ஒருவர், வார்டில் கிடந்த தன் அம்மாவைப் பார்க்க வந்து போனவர், இவளைப் பெண் கேட்டு எங்கள் வாசலுக்குத்தான் வந்தார். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். பாவம், மனுஷனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம்.

முந்தின நாளே போக லீவு கிடைக்கவில்லை. சென்னையில் ரயில் ஏறினால் விடிகாலையில் சிவகாசி. அங்கே ஒரு லாட்ஜில் குளித்து உடுத்தி முகூர்த்தத்துக்குப் போய்விடலாம் என்று பெரியக்கா திட்டம் போட்டாள். அவள் ரிட்டையர் ஆகியிருந்தாளே தவிர, எங்களுக்கு டியூட்டி போடுவதை நிறுத்தியிருக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு நாங்கள் சேர்ந்து வாங்கிய பட்டுச்சேலை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், அழைப்பிதழ், எங்கள் மாற்றுத்துணி எல்லாம் இரண்டு பெட்டிகளில் அவள் காவலில் இருந்தன. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே செல்போன். அதுவும் அவள் கைப்பையில்.

வெளுக்கிற நேரத்துக்கு ரயில் விருதுநகரில் நின்றது. நானும் நாகர்கோவில்காரியும் முழித்திருந்தோம். பெரியக்காவும் சின்னவளும் நல்ல தூக்கம். ஜன்னல் வழியாக வந்த காற்றில் ஊர் நெருங்கிவிட்டது தெரிந்தது. கரிசல் காட்டின் மேல் வருகிற அந்தக் காய்ந்த காற்று வேறெங்கும் கிடையாது.

"வாட்டி, ஒரு சாயா குடிச்சிட்டு ஓடி வந்திருவோம்" என்றாள் நாகர்கோவில்காரி.

இறங்கினோம். பிளாட்பாரத்தில் டீக்காரர் பாய்லரைத் திறந்தார். அவர் பேச்சைக் கேட்டதுமே எங்களுக்குப் பூரிப்பு. "எங்கன இருந்து வாரீக? கல்யாண வீடா? நாலஞ்சு நாளா வார வண்டியெல்லாம் கல்யாணக் கூட்டந்தான்" என்றார். நாங்கள் இந்த ஊர்க்காரிகள் என்று அவரிடம் சொல்லி, எந்தத் தெரு, எந்த வருஷம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தபோது ரயில் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"ஏட்டி, வண்டி போவுது!" என்று அவள் கத்தினாள். ஓடினோம். நாற்பத்தைந்தைத் தாண்டிய இரண்டு பெண்கள் டீ டம்ளரோடு ஓடுகிற ஓட்டம் எவ்வளவு தூரம் போகும்? கடைசிப் பெட்டியும் எங்களைத் தாண்டிப் போனது. அப்போதுதான் அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"எனக்க செருப்பு உள்ள கெடக்குட்டி."

டீக்காரர்தான் எங்களைத் தேற்றினார். "அடுத்தாப்புல சிவகாசிதானம்மா. பஸ் ஏறுனா கொஞ்ச நேரத்துல போயிரலாம். டம்ளரக் குடுத்துட்டுப் போங்க."

நல்லவேளை, டீக்காக அவள் எடுத்து வந்த சின்னப் பர்ஸ் இருந்தது. பஸ் ஏறினோம். ஆமத்தூர் தாண்டியதும் அந்த பஸ் ஒரு மாதிரி இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்தார். அதிலேயே எல்லாருக்கும் நிலைமை புரிந்துவிட்டது. பின்னால் வந்த பஸ்களில் படிக்கட்டில்கூட இடமில்லை. தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போகிற கூட்டமும் கல்யாணக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

கடைசியில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பின்னால் அட்டைக் கட்டுகள்.

"சிவகாசிக்கா? ஏறுங்கக்கா. அட்டை லோடுதான், குத்தாது" என்றார் ஓட்டியவர். "ஆனா முன்னால ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு."

நான் முன்னால் உட்கார்ந்தேன். நாகர்கோவில்காரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அட்டைக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். திருத்தங்கல் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். தலைமுடி பறக்க, வெறுங்காலைத் தொங்கப்போட்டு, தேரில் வருகிறவள் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோட்டோரச் சுவர்களில் புதிய கம்பெனிகளின் பெயர்கள். பழைய பெயர்கள் சிலவும் இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் மேலிருந்து சத்தமாகப் படித்தாள். காலையிலேயே அச்சுமையின் வாசனை வந்தது.

ஸ்டேஷனில் இறங்கித் தேடினால் பெரியக்காவையும் சின்னவளையும் காணோம். ரயில் எப்போதோ போய்விட்டது. இரண்டு பெட்டியோடு இரண்டு பெண்கள் இறங்கினார்களா என்று கேட்டதற்கு, யாரும் பார்க்கவில்லை என்றார்கள். நம்மைக் காணாமல் நேரே மண்டபத்துக்குப் போயிருப்பார்கள் என்று முடிவு செய்தோம். பெரியக்காவுக்கு நேரந்தான் தெய்வம், அப்படித்தான் செய்வாள். அழைப்பிதழ் பெட்டியில் இருந்தது. எங்கள் ஞாபகத்தில் இருந்ததெல்லாம் திருத்தங்கல் ரோட்டு மண்டபம் என்பது மட்டுமே. ஒரு ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னோம். அவரும் தயங்காமல் கூட்டிப்போய், வாழைமரமும் கூட்டமுமாக இருந்த ஒரு மண்டபத்தின் முன்னால் இறக்கிவிட்டார்.

செருப்பில்லாததை யாரும் கவனிக்க முடியாத இடம் கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டார்கள்.

"பொண்ணு வீடு" என்றாள் நாகர்கோவில்காரி, தலையை நிமிர்த்தி.

"அப்ப மொத பந்திக்கு ஒக்காருங்க. நம்ம ஆளுக சாப்பிட்டாத்தான் வேல நடக்கும்."

பசி. உட்கார்ந்தோம். இட்லி, பொங்கல், வடை, கேசரி. இந்தப் பக்கத்துச் சாம்பாரைச் சாப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோம். சாம்பார் வாளியோடு வந்த நடுத்தர வயதுக்காரர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

"நீங்க தீக்காய வார்டு சிஸ்டருகதான? என்னையத் தெரியுதா?"

எனக்கு அவர் முகம் பிடிபடவில்லை. அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வேறொரு பளபளப்பில் இருந்தது. எங்களுக்கு முகத்தைவிடக் காயம்தான் நினைவிருக்கும். நாகர்கோவில்காரி எச்சில் கையோடு எழுந்தே விட்டாள்.

"சன்னலோரக் கட்டில்! ஊசிய எடுத்தா கக்கூஸுக்கு ஓடி ஒளிவியே, நீதான?"

பந்தியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தார். "பொண்ணு என் அண்ணன் மக. அண்ணன் உங்களுக்குப் பத்திரிகை வச்சாகளா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"அண்ணனா? பொண்ணோட அம்மாதானே வச்சா?" என்றேன் நான்.

"எங்க மதினியா? மதினிக்கு உங்களத் தெரியுமா?" என்று அவர் மேடையைக் காட்டினார். மாம்பழ நிறப் பட்டில் ஒரு பருத்த அம்மாள் தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. என் வாயில் இருந்த கேசரி இறங்கவில்லை. வாசலில் பூவால் எழுதியிருந்த பெயர்களை நாங்கள் படிக்கவே இல்லை.

அடுத்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாகர்கோவில்காரி இலையை மூடிவிட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். விஷயம் தெரிந்து பெண்ணின் அப்பாவே வந்தார். பேப்பர் வியாபாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நூறு வேலைக்கு நடுவில் நின்றவர்.

"என்னம்மா இது, எலைய மூடிட்டீக? வயிறு நெறஞ்சுதா?" என்று கேட்டார். தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இவன் கையக் காப்பாத்திக் குடுத்தவுகளுக்கு நாந்தான் பத்திரிகை வச்சிருக்கணும். விட்டுப்போச்சு. தானா வந்துட்டீக." பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, மாப்ள கார எடுக்கச் சொல்லு. இந்த ரோட்டுல இன்னைக்கு இன்னொரு கல்யாணம் அங்கதான். சிஸ்டருகள அடுத்த மண்டபத்துல விட்டுட்டு வரட்டும்!"

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டது, கார் சும்மாதான் நிற்கிறது என்று ஏற்றியே விட்டார்கள். முன்பக்கம் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும் தோரணமாகத் தொங்கிய வெள்ளைக் கார். கசங்கிய பயணச் சேலையில் நாங்கள் இருவரும் பின்சீட்டில், பூக்களுக்கு நடுவே. அதே ரோட்டில் கொஞ்ச தூரத்தில் இன்னொரு மண்டபம். கார் திரும்பியதுதான் தாமதம், வாசலில் இருந்த மேளக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டு முக்கியஸ்தர்கள் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் தவிலைத் தட்டி ஆரம்பித்துவிட்டார்கள். நாதஸ்வரம் முழங்க நாங்கள் இறங்கினோம்; அவள் வெறுங்காலோடு, நான் அவிழ்ந்த கொண்டையோடு.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தவள் எங்களவள்.

அரக்கு நிறப் பட்டு. மூக்குத்தி. தலைநிறைய மல்லிகை. தழும்பு ஏறிய கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, வருகிறவர்கள் எல்லாருக்கும் தானே முதல் முகமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் பால்காரர் வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இன்றைக்கு ஊரையே வரவேற்றுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்னக்கா இம்புட்டு நேரம்? மத்த ரெண்டு பேரும் எங்க?" என்று கிண்ணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அவங்க இன்னும் வரலையா?" என்று நாங்கள் கேட்டபோது அவள் முகம் மாறியது. எங்களை ஓர் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"தாய்மாமன் மால போட்டுக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்ல. எம் பொண்ணுக்கு அத நீங்க நாலு பேருந்தான் செய்யணும். முன்னாடியே சொன்னா வேண்டாம்னு சொல்லிருவீகன்னுதான் சொல்லல."

உறையின் பின்னால் எழுதியது வேடிக்கையில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நாங்கள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்துவிட்டார். அவர் காதில் விஷயம் விழுந்திருந்தது. கோபக்காரர் இல்லை, முறை தவறக்கூடாது என்று நினைக்கிறவர்.

"என்னம்மா இது, பொம்பளைக தாய்மாமன் மொற செய்யுற வழக்கம் எங்கன இருக்கு? ஒன் அண்ணன் வரலேன்னா அம்மா வழியில மாமன் மொறையில ஒரு ஆம்பளைய நிறுத்து. நாலு பேரு என்ன சொல்லுவாக?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்க அம்மா வழியில எனக்கு இருக்கிறது இவுகதான் அண்ணாச்சி. எங்க அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டான். இவுக உள்ள இருந்தாக."

அவள் வீட்டுக்காரர், அதிகம் பேசாத அந்த மிஷின்காரர், பக்கத்தில் வந்து நின்றார். "பொண்ணு கேட்டு நான் போனது இவுக வீட்டுக்குத்தான் மச்சான். கேள்வி கேட்டுக் கொன்னுட்டாக. அன்னைக்கு அது எனக்கு மாமனார் வீடுன்னா, இன்னைக்கு எம் மகளுக்கு அது மாமன் வீடுதான?"

மாப்பிள்ளையின் அம்மா மேடைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தான், முகூர்த்தம் தப்பப் போகுது. வழிய விடுங்க" என்றார். அந்தப் பெரியவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரி, நடத்துங்க. கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தானே போய் மாலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை இன்றும் இருக்கிறது.

எல்லாம் சரி, பெரியக்காவைக் காணோம். சேலைப் பெட்டியைக் காணோம். யார் யாரிடமோ போன் வாங்கி அவளைக் கூப்பிடப் பார்த்தால், எங்கள் இருவருக்கும் அவள் நம்பர் மனப்பாடம் இல்லை. ஐயர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். மின்சாரம் வேறு போனது. காற்றாடிகள் நின்று, கூட்டம் விசிறிக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

பெரியக்கா இறங்கினாள். பின்னால் சின்னவள், இரண்டு பெட்டிகளோடும், கையில் நாகர்கோவில்காரியின் செருப்போடும், அது போதாதென்று ஒரு பெரிய பால்கோவாப் பொட்டலத்தோடும். இருவரும் சிவகாசியைத் தாண்டித் தூங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்விழித்திருந்தார்கள். ராத்திரி டியூட்டியில் கண் சொக்குகிறவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்த பெரியக்கா!

"நான் தூங்கலை. கண்ணை மூடிட்டு இருந்தேன்" என்றாள் எங்களைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே. "பால்கோவா வாங்கத்தான் போனோம்னு வச்சுக்குங்க." சின்னவள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். "நாமதான் தாய்மாமனாம். மாலை போட்டுப் பெண்ணைக் கூட்டிட்டு வரணுமாம்." பெரியக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

குழாயடிக்குப் போய், வார்டுக்குள் நுழையும் முன் எப்படிக் கழுவுவாளோ அப்படி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாங்களும் கழுவினோம். மணமகள் அறையில் ஐந்தே நிமிஷத்தில் சேலை மாற்றினோம். சீர்த்தட்டில் பட்டுச்சேலை, குங்குமச்சிமிழ், தேங்காய், பழம். ஒரு தட்டு காலியாக இருக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, சின்னவள் பால்கோவாவைப் பிரித்து அதில் வைத்தாள்.

பெரியக்கா பெண்ணின் கழுத்தில் மாலை போட்டாள். கையைப் பிடித்தாள். மற்ற மூன்று பேரும் தட்டுகளோடு பின்னால் நடந்தோம். மண்டபம் முழுக்க விசிறுவதை நிறுத்திவிட்டு எழுந்து பார்த்தது. தவில் மெதுவாக வந்தது. அந்தப் பெண், நாங்கள் கைக்குழந்தையாகக் குளிப்பாட்டியவள், தலையைக் குனிந்தபடி எங்களிடம், "நாலு மாமனும் மெதுவா நடங்க, என் சேல தடுக்குது" என்றாள். பெரியக்கா அவள் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் வாழ்க்கையில் பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. அந்த மண்டபத்தின் நடுவழியில் நடந்த நடை எனக்குப் போதும். ஓர் ஊர் எங்களைப் பார்த்து, இவர்கள் எங்கள் ஆட்கள் என்று எழுந்து நின்றது.

தாலி கட்டி முடிந்ததும் மின்சாரம் வந்தது. போட்டோக்காரர் குடும்பத்தை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கமாத் திரும்புங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று தழும்பு மறையும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"வேணாம் தம்பி. எம் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். நேராவே எடுங்க" என்றாள். எடுத்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதி எங்கள் நாலு பேர் வீட்டிலும் இருக்கிறது. நேராகப் பார்க்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரயிலுக்கு நேரமிருந்தது. எங்கள் வார்டைப் பார்க்காமல் போவதில்லை என்று பெரியக்கா சொன்னாள். ஆட்டோவில் போனோம். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. வேலூர்க்காரி, நாகர்கோவில்காரி, தஞ்சாவூர்க்காரி, திருச்சிக்காரி என்று நாலு பேர் ஒரு குடும்பமாக இருந்த வீட்டின் மேல் வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. நாகர்கோவில்காரி, "நம்ம அடுப்படி இந்த சிவப்பு சைக்கிளுக்க கிட்டதான்" என்றாள். மாடிப்படி ஏறி வார்டுக்குப் போனோம்.

வாசலில் ஒரு சின்னப் பெண், நர்ஸ் உடுப்பில், எங்களை மறித்தாள்.

"யாரப் பாக்கணும்? இப்ப பார்வையாளர் நேரம் இல்லைங்க."

"சும்மா உள்ள ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறோம்மா" என்றேன் நான். "நாங்க இங்கதான் வேலை பார்த்தோம். இவங்க இந்த வார்டு இன்சார்ஜா இருந்தவங்க."

அவள் பெரியக்காவைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் கதவிலிருந்து நகரவில்லை. "ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா உள்ள ரெண்டு பேருக்குப் புதுசாத் தோல் வச்சிருக்கு. வெளியாளுக போனா சீழ் புடிச்சிரும். உங்களுக்குத் தெரியாததா? மன்னிச்சுக்குங்க, விட முடியாது."

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியக்கா கையை நீட்டித் தடுத்தாள். அந்தப் பெண்ணின் நகங்களைப் பார்த்தாள், ஒட்ட வெட்டியிருந்தன. தலைமுடியைப் பார்த்தாள், ஒரு பிசிறு வெளியில் இல்லை. கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்த கொசுவலைக் கூடாரங்களை எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"காரியாபட்டி மேடம்."

"வீட்டுல இங்க அனுப்ப மாட்டேன்னு சொன்னாங்களா?"

"எங்க அம்மா அழுதுட்டாக" என்று அந்தப் பெண் சிரித்தாள். "இப்ப நான் லீவுல ஊருக்குப் போனாலும் ரெண்டு நாளைக்கு மேல இருக்குறதில்ல."

பெரியக்கா தலையாட்டினாள். "கதவைச் சாத்து. ஈ வரப்போகுது" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் படியிறங்கினோம். பெரியக்காவுக்கு வருத்தமாயிருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். கீழே வேப்பமரத்தடிக்கு வந்ததும் பெரியக்கா நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா? என்னையே உள்ள விடலை" என்றாள்.